வென்றவருக்கு ஒரு நிமிடம்

திங்கட்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலம். போனில் இதைச் சொல்ல வந்தால் நீ "வேற பேசும்மா" என்பாய், நானும் வேறு பேசிவிடுவேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. கோபம் வந்தால் கசக்கிப் போடலாம். ஆனால் நீ கசக்கியதை எடுத்துப் பிரித்துப் படிக்கிற ஜாதி என்று எனக்குத் தெரியும்.

முதலில் சேதி. நம் இயந்திரம் பிடிவாதம் போட்டிக்குத் தேர்வாகிவிட்டது. டிவியில் வரும் அந்த ரோபோ சண்டைக்குத்தான். எட்டு அணிகளில் நம்முடையதும் ஒன்று. ஓட்டப்போவது நான். சிரிக்காதே. இருபத்தாறு வருடமாகப் பட்டறையில் லேத்தின் கைப்பிடியைச் சுற்றிய கைக்கு இரண்டு குமிழ் வைத்த ரிமோட் என்ன பெரிய வித்தையா? நாலு மாதமாக ஞாயிறுதோறும் பேருந்துப் பணிமனையின் காலி மூலையில் அப்பா பழைய டயர்களை அடுக்கித் தருகிறார். எதிரியை அடிக்கும் அந்தப் பல் வைத்த உருளையைக் கழற்றி வைத்துவிட்டு அவற்றுக்கு நடுவே ஓட்டிப் பழகினேன். முதல் மாதம் டயரை இடித்ததைவிட அப்பாவை இடித்ததுதான் அதிகம். இத்தனை வருடம் பஸ் ஓட்டியும் இப்படி ஒரு வண்டியிடம் அடி வாங்கியதில்லை என்கிறார்.

நேற்று மாலை போட்டியாளர்களை அறிமுகம் செய்யும் முன்னோட்ட நிகழ்ச்சி ஒளிபரப்பானது. நீ பார்த்திருக்க மாட்டாய். பார்த்திருந்தாலும் இல்லை என்பாய். அதனால் நானே சொல்கிறேன். டிவிக்காரர்கள் காட்டியது ஒன்று, பக்கத்தில் நின்று நான் பார்த்தது ஒன்று.

முதலில் உலைவாய். சிவப்புச் சட்டை போட்ட நாலு பேர், ஏதோ பெரிய கம்பெனிக்காரர்கள். இயந்திரம் ஐந்தடிக்குத் தீயைக் கக்குகிறது. அறிவிப்பாளர் தம்பி வாயைப் பிளந்தார், எனக்குக் கொட்டாவி வந்தது. மூன்று நிமிடச் சண்டையில் அந்தத் தீ கால் அங்குல எஃகுக்கு வியர்வைகூட வரவைக்காது. ஆனால் அதன் முன்தட்டு தரையோடு ஒட்டிப் போகிறது, நடுவே ஒரு காகிதம் நுழையாது. அடியில் நுழைந்து தூக்கிவிடும், பயப்பட வேண்டியது அதற்குத்தான். அதை டிவியில் ஒருவரும் சொல்லவில்லை.

புரட்டி என்று ஒன்று. தீயணைப்பு வண்டிகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக்கும் அவர் மனைவியும் செய்தது. அவரிடம் கேள்வி கேட்டால் அந்த அம்மாதான் பதில் சொல்கிறார். காற்றழுத்தத்தில் தட்டு மேலே பாய்ந்து எதிரியைக் கவிழ்க்கும். ஆறு தடவை தூக்கினால் காற்று தீர்ந்துவிடும், ஏழாவது தடவை அது தகரப்பெட்டி. இதையும் அந்த அம்மாவே என்னிடம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

உனக்குப் பிடிக்கப்போவது அடுத்த அணி. ஒரே அணியில் இரண்டு குட்டி இயந்திரங்கள், பெயர் மாமியார், மருமகள். ஓட்டுகிறவர்களும் நிஜமாகவே மாமியாரும் மருமகளும்தான். பயிற்சியில் எதிரே வைத்த பீப்பாயை விட்டுவிட்டு இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. வெளியே வந்ததும் இருவரும் ஒரே டப்பாவில் கை விட்டுச் சாப்பிட்டார்கள். இன்னும் இரண்டு அணிகள் உண்டு. ஒன்றின் சக்கரம் ஓடும்போதே கழன்றது, இன்னொன்றைப் படப்பிடிப்பு நாள்வரை பெட்டியிலிருந்தே பிரிக்கவில்லை.

கோடாலிதான் போன வருடம் வென்றது. பெயர்தான் கோடாலி, ஆயுதம் சுத்தியல். ஓட்டுகிறவர் ஒரு பல் டாக்டர். மெல்லப் பேசுகிறார், எல்லோரையும் வாங்க போங்க என்கிறார். அந்தச் சுத்தியல் தலைக்கு மேலிருந்து இறங்குவதைப் பார்த்தபோது எனக்கே கடைவாயில் வலித்தது. அவர் ஒரு அடியைக்கூட வீணாக்குவதில்லை. மற்றவர்கள் இயந்திரத்தைப் பார்த்து ஓட்டுகிறார்கள். அவர் எதிரே நிற்கும் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து ஓட்டுகிறார்.

கடைசியாக ராட்டினம். இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், அண்ணன் தம்பி. உடம்பு முழுதும் குடை மாதிரி சுற்றுகிறது. வேகம் ஏறிவிட்டால் கிட்டே போனது எதுவும் முழுதாகத் திரும்பாது. முழு வேகம் வர பதினொரு வினாடி ஆகிறது, அதை எல்லோரும் கவனித்தார்கள். நான் கவனித்தது இன்னொன்று. கிளம்பும்போது இடப்பக்கம் லேசாகத் தலை சாய்க்கிறது. பேரிங்கில் ஆட்டம். சத்தத்திலேயே தெரிந்தது. லேத்தில் அப்படி ஒரு சத்தம் வந்தால் நான் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் பேசுவேன்.

முதல் சுற்றில் நமக்கு வந்திருப்பது அந்த ராட்டினம். குலுக்கலில் சீட்டை நான்தான் எடுத்தேன். அறிவிப்பாளர் எனக்காக உச்சுக்கொட்டினார்.

நம்மைக் கடைசியாகக் காட்டினார்கள். "அம்மா, இது சீரியல் மாத்துற ரிமோட் இல்ல" என்றார் அவர். "தெரியும் தம்பி, அதுல உன்னை மாத்திடலாம், இதுல முடியல" என்றேன். அதை வெட்டிவிட்டார்கள். போகட்டும். வெட்டியது அது மட்டுமாக இருந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

பட்டறையில் அந்த உருளையில் போன உன் இடது கை விரல்களைப் பற்றிக் கேட்டார்கள். நான் சொன்னேன். உருளையின் பல்லைத் தேய்ப்பதற்காக, அது சுழலாமல் தடுக்கும் பூட்டுக் கம்பியை உருவியது நான், தேய்த்து முடித்ததும் அதைத் திரும்பச் செருகாதது நான், பட்டறையில் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்ததும் நான் என்று கேமராவைப் பார்த்தே சொன்னேன். நேற்று டிவியில் வந்தது என்ன தெரியுமா? நம் பட்டறைக் குழுப் படத்திலிருந்து உன் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, பின்னால் வயலினை அழவிட்டு, "கவனக்குறைவால் இரண்டு விரல்களை இழந்த மகள், அவளுக்காகக் களம் இறங்கும் தாய்" என்று ஒரு குரல். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

இன்று காலை அந்த நிகழ்ச்சியின் இயக்குநருக்குப் போன் செய்தேன். உன் வயதுப் பெண்தான். "நீங்க சொன்ன மாதிரி போட்டா உங்களுக்கு யாரும்மா கை தட்டுவாங்க?" என்று கேட்டாள். எனக்குக் கை தட்டச் சொல்லி நான் கேட்கவில்லை என்றேன். முடிந்ததை இனி மாற்ற முடியாது என்று வைத்துவிட்டாள்.

முன்னோட்டம் பதிவு செய்தது, வெட்டலாம். சண்டை நேரலை. வென்றவர் கையில் ஒரு நிமிடம் மைக் கொடுக்கிறார்கள். தோற்றவருக்கு மைக் இல்லை. ஆகவே நான் வெல்லப்போகிறேன்.

ஞாயிறு மாலை ஆறு மணி. வேலை இருக்கிறது என்று சொல்லாதே. உன் காப்பீட்டு அலுவலகத்துக்கு ஞாயிறு விடுமுறை.

கைக்கு எண்ணெய் தேய்க்கிறாயா, இன்னும் குளிர் காலத்தில் வலிக்கிறதா, எழுது.

அன்புடன்,
அம்மா


செவ்வாய்க்கிழமை, அடுத்த வாரம்

என் அன்பு மகளுக்கு,

அம்மாவின் ஆசிகள். புதன்கிழமை நீ அப்பாவுக்குப் போன் செய்து, "அம்மாவை வாயத் திறக்க வேணாம்னு சொல்லுங்கப்பா, அவங்க வேலை போயிடும்" என்றாயாம். அவர் வந்து அப்படியே சொன்னார். நான் கேட்க மாட்டேன் என்று உன்னிடமும் அப்போதே சொல்லிவிட்டதாகச் சொன்னார். நாணயமான தூதுவர்.

நீ பார்த்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை என்றே வைத்து எழுதுகிறேன்.

சண்டைக் கூண்டுக்குள் பிடிவாதத்தை இறக்கி வைத்தோம். பூட்டுக் கம்பியை உருவும் நேரம் வந்தது. உருவினேன், உரக்கச் சொல்லிக்கொண்டே அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை எல்லோரும் பார்க்கும்படி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். சனங்கள் அதை ஏதோ வெற்றிச் சைகை என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

கூண்டுக்கு வெளியே மேடையில் நின்று, விளக்கு பச்சையானதும் நேராக விட்டேன். உருளையைச் சுழலவிடக்கூட நேரம் எடுக்கவில்லை. மூன்று வினாடியில் ராட்டினத்தின் இடப்பக்கத்தில் முட்டி, அப்படியே சுவர்வரை தள்ளிக்கொண்டு போனேன். அது உரசிக்கொண்டு சுற்றப் பார்த்தது. பொறி பறந்தது. நம் முன்தகடு ஒன்று பிய்ந்து கூரைக்கண்ணாடியில் அடித்து விழுந்தது. எனக்கு எதுவும் காதில் விழவில்லை, அந்த பேரிங் சத்தம் மட்டும்தான் கேட்டது. விலகினேன், உருளையை முழு வேகத்துக்கு ஏற்றினேன், அதே இடத்தில் இன்னொரு முறை அடித்தேன். குடை சாய்ந்து உடம்போடு சிக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அது அசையவில்லை. நடுவர் பத்து எண்ணுவதற்குள் எனக்குப் பத்து வயது கூடிவிட்டது.

அந்தப் பிள்ளைகளில் தம்பி அழுதான். அண்ணன் வந்து எப்படித் தெரிந்தது என்று கேட்டான். பேரிங்கை மாற்று, மாற்றும்போது இரண்டையும் மாற்று என்றேன்.

மைக் வந்தது. எப்படி உணர்கிறீர்கள் என்று அறிவிப்பாளர் கேட்டார். நான் சொன்னது இதுதான், ஒரு எழுத்துக்கூடக் கூட்டாமல் எழுதுகிறேன்:

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் பொண்ணுக்கு விரல் போச்சு. பூட்டுக் கம்பியை உருவுனது நான். திருப்பிப் போடாதது நான். தான் எடுத்ததா அவ விசாரணையில சொன்னா, நான் பக்கத்துல உட்காந்துகிட்டு சும்மா இருந்தேன். என் பொண்ணு கவனமான வேலைக்காரி. அவளுக்கு வேலை இல்லைன்னு சொன்ன பட்டறைக்காரங்க எல்லாரும் இதைக் கேட்டுக்கங்க."

அவர் மைக்கை வாங்கக் கை நீட்டினார். என் ஒரு நிமிடத்தில் இன்னும் இருபது வினாடி இருக்கிறது என்று சொல்லி, நம் பட்டறையின் பெயரையும் என் பதவியையும் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். யாரும் கை தட்டவில்லை. அந்த இயக்குநர் பெண் சொன்னது சரிதான்.

நேற்றுக் காலை முதலாளி கூப்பிட்டார். விசாரணைக் கோப்பைத் திறந்தால் எல்லோருக்கும் தலைவலி, ஏதோ உணர்ச்சிவசப்பட்டுப் பேசிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். நான் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் நகலை முதலாளியின் மேசைமேல் வைத்தேன். இன்றிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் பீரோவைக் காலி செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முத்திரையிட்ட இன்னொரு நகல் இதோடு இருக்கிறது. நீ வேலை கேட்டுப் போகும் இடத்தில் முதலில் அதைக் கொடு.

இனி எழுதுவது நமக்குள்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மூக்குக்கண்ணாடியைத் தேடி வேலைச் சட்டைப் பைக்குள் கை விட்டேன். நான் திரும்பச் செருகாத அந்தப் பூட்டுக் கம்பி கையில் தட்டுப்பட்டது. நிமிர்ந்தால், தள்ளுபடுக்கையில் இருந்து நீ என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாய். மூன்று வாரம் கழித்து விசாரணையில், என் வேலை போய்விடக் கூடாது என்று, பழியை உன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டாய். உன் தொழிலை விட்டு, கண் காணாத ஊரில் காகிதம் அடுக்கப் போனாய். பெற்றவளுக்குப் பிள்ளை செய்கிற தியாகம் என்று யாராவது சொன்னால் செவிட்டில் அறைவேன். அது நான் வாங்கியிருக்கவே கூடாத பொருள். வாங்கியது உன் தப்பில்லை, என் தப்பு. இரண்டு வருடம் அதைத் தின்று உயிர் வாழ்ந்தேன். இனி முடியாது. கோபித்துக்கொள், திட்டு, எதுவானாலும் சரி. நான் சொன்னதைத் திரும்ப வாங்க மாட்டேன்.

அரையிறுதியில் நமக்கு எதிரே கோடாலி. சண்டை முடிந்ததும் அந்தப் பல் டாக்டர் வந்து உருளையைத் தடவிப் பார்த்து, இந்தப் பற்களை வெட்டியது யார் என்று கேட்டார். என் மகள் என்றேன். "அவங்க ஓட்ட மாட்டாங்களா?" என்றார். அவர் இயந்திரத்தைப் பாராட்டிவிட்டு வந்தேன்.

ஓட்டுநர் பெயரை வெள்ளிக்கிழமைவரை மாற்றலாம் என்பது விதி. படிவத்தில் அந்த இடத்தை நான் இன்னும் நிரப்பவில்லை. உன்னைக் கட்டாயப்படுத்துவதாக நினைக்காதே. நீ வராவிட்டால் நானே இறங்குவேன், அவர் சுத்தியலால் என்னை நசுக்குவார், நானும் அவருக்கு ஒரு பல்லையாவது ஆட்டிவிட்டுத்தான் விழுவேன். அப்பா தயார்.

வேலை இல்லாததால் இன்று பகல் முழுதும் கை சும்மா இருந்தது. நண்பர் ஒருவரின் லேத்தை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, ரிமோட்டுக்கு இடப்பக்கம் புதிதாக ஒரு பிடி கடைந்து மாட்டினேன். மூன்று விரலுக்கு அளவு வைத்தது. பிடித்துப் பார்த்தேன். என் கைக்கு அது சேரவில்லை.

நீ எங்கே இருந்தாலும் நிமிர்ந்து இரு.

உன்
அம்மா