காலையில் காட்டு

ரிங்லெட்,
6 மார்ச் 1983

அன்புத் தங்கை சரோஜாவுக்கு,

அக்கா இராசம்மா எழுதுவது. பினாங்கில் நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? இங்கே மழையில் கொழுந்து நன்றாக வருகிறது. என் வீட்டுக்காரர் நிலைதான் சரியில்லை.

தைப்பூசம் முடிந்த கையோடு உன் மாமா ஓட்டிய தேயிலை லோரி வளைவில் சறுக்கியது. அவர் கதவில் தலையை இடித்துக்கொண்டார். கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. காலையிலிருந்து ஓயாமல் நோயாளிகளைப் பார்த்த டாக்டருக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒன்னும் இல்ல, பனடோல் சாப்ட்டுப் படுங்க" என்று அனுப்பிவிட்டார்.

இப்போது மாமா வேறு ஆளாகிவிட்டார். பகலெல்லாம் தூக்கம். பேச்சைப் பாதியில் விட்டுவிடுகிறார். கோப்பையை நழுவவிடுகிறார். லயத்து வீடுகளில் எல்லோரும் குடி என்கிறார்கள். நான் மோந்து பார்த்தேன், இல்லை. சோம்பேறி என்று வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். அண்ணன் வீட்டுக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறேன்.

உன் அக்கா,
இராசம்மா

பினாங்கு,
10 மார்ச் 1983

அன்பு அக்காவுக்கு,

'காலையில் ஆஸ்பத்திரியில் காட்டு' என்று முதலில் தந்தி அடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எங்கேயும் போகாதே. மாமாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இது சோம்பல் இல்லை. அடிபட்ட தலைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து மூளையை அழுத்தலாம்.

அந்த டாக்டரை வெறுக்காதே. நானும் அவசரப் பிரிவில்தான் நர்ஸ். காலையில் வரும் தலைக்காயத்தை நடக்கவைத்துப் பார்ப்போம், கை நீட்டச் சொல்வோம், கேள்வி கேட்போம். பொழுது சாயும்போதும் பார்ப்பது அதே நாங்கள்தான். ஆனால் அன்றைக்குப் பார்த்த தலையெல்லாம் நன்றாயிருந்தால் இதுவும் அப்படித்தான் என்று அலுத்த மனசு முடிவு கட்டிவிடும். அந்த நேரத்தில் என் கண்ணையே நான் நம்புவதில்லை. அதனால் ஒரு ராத்திரி பொறுத்தாலும் காலையில் காட்டு. மயங்கினால் மட்டும் நேரம் பார்க்காதே.

அன்புடன்,
சரோஜா

கோலாலம்பூர்,
19 மார்ச் 1983

என் சரோவுக்கு,

மாமா பிழைத்துக்கொண்டார். அதை முதலில் எழுதிவிட்டேன், மூச்சு விட்டுக்கொள்.

தந்தி வந்த மறுநாள் விடியற்காலையிலேயே தோட்டத்து ஆபீஸ் கிராணி நாகப்பன் தன் கெரெத்தாவை எடுத்தார். உன் மாமா, "அதான் டாக்டரு பாத்துட்டாருல்ல, மறுபடி எதுக்குலா?" என்று எழவே மாட்டேன் என்றார். இழுக்காத குறையாகக் காரில் ஏற்றினோம்.

அங்கே இருந்தவர் அதே டாக்டர்! தலையில் குளித்த ஈரம்கூடக் காயவில்லை. எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். இடது கை தானாகக் கீழே இறங்கியது. பழைய அட்டையை எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"அம்மா, அன்னைக்கு நாந்தான் பாத்தேன். சரியாப் பாக்கல."

நான் கத்தப்போனேன். அதற்குள் அவரே போனை எடுத்து இங்கே கே.எல். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேச ஆரம்பித்துவிட்டார். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தியதுகூட அவர் கைதான். இங்கே மண்டையில் துளை போட்டு, தேங்கிய ரத்தத்தை எடுத்தார்கள். பொறுத்திருந்தால் போயிருப்பார் என்றார்கள்.

நேற்று கண் விழித்தவர் கட்டுப் போட்ட தலையோடு என்னையே பார்த்தார். "சாப்ட்டியா?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அப்புறம் கண்டீனில் போய் அழுதுகொண்டே இரண்டு தட்டு மீ கோரிங் சாப்பிட்டேன் சரோ.

உன் அக்கா,
இராசம்மா