அதிபரின் குதிரை நம் மந்தையில் நிற்கிறது

அன்புக்குரிய தம்தினுக்கு,

உங்கள் நோர்ஜ்மா எழுதிக்கொண்டது. நான் நலம். தலைநகரில் படிக்கும் மகள் ஓயூனும் நலம். இந்தக் கோடையில் மழை தவறவில்லை. ஆடுகள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன. பதிலுக்கு உங்கள் கால்நடைகள் சுகமா என்று நான் கேட்பதுதான் முறை. உங்களிடம் இருப்பது மீன்கள். அவை கொழுத்திருக்கின்றனவா என்று கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொரியாவின் பூசானில் இருக்கும் கப்பல் கம்பெனியின் முகவரிக்கு நான் போடும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டும் உங்கள் கைக்கு வந்தனவா என்றே தெரியவில்லை. ஏப்ரலில் போனில் பேசினீர்கள், அதோடு சரி. ஓயூன் தனக்குத் தெரிந்த கொரிய மொழியில் கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்டாள். "கப்பல் கடல்ல இருக்கு, வேற எங்க இருக்கும்?" என்று சொல்லி வைத்துவிட்டார்களாம். கடலைப் பார்க்காதவளுக்கு இது என்ன பதில்?

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். தப்பா இல்லையா என்றுகூடச் சரியாகப் புரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீங்களே சொல்லுங்கள்.

ஜூன் மாதம் வட்டார அலுவலகத்து பட்சூரி ஜீப்பில் வந்து இறங்கினார். கடல் நாடு ஒன்றின் அதிபர் நம் மங்கோலியாவுக்கு அரசுமுறைப் பயணமாக வருகிறாராம். நேரடி விமானம் விடப் போகிறார்களாம், நம் இறைச்சியும் கம்பளியும் அவர்கள் துறைமுகம் வழியாகப் போகுமாம், இன்னும் என்னென்னவோ, மொத்தம் ஐந்து ஒப்பந்தங்களாம். விருந்தாளிக்கு வழக்கம்போல ஒரு குதிரை கொடுக்க வேண்டும், குதிரை வழக்கம்போல இங்கேயே நிற்கும், நாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். நம் பழுப்புக் குதிரைகள் இரண்டையும் பார்த்துவிட்டு அவருக்கு வாயெல்லாம் பல். "நம்ம வட்டாரத்துக்கே பெருமை, யோசிக்காத தங்கச்சி" என்றார். நானும் இளையதைக் கொடுக்கிறேன் என்று தலையாட்டினேன். மூத்தது உங்களுடையது. உங்களுடையது என்பதுகூடத் தவறு. நீங்கள் கப்பலுக்குப் புறப்படும் முன் லாமா உங்கள் பெயரைச் சொல்லி, அதன் பிடரியில் ஐந்து நிறத் துணி கட்டி, வானத்துக்கு விட்ட குதிரை அது. அது நன்றாக இருக்கும்வரை நீங்களும் நன்றாக இருப்பீர்கள் என்றுதானே விட்டோம்? அன்றிலிருந்து அதன்மேல் யாரும் ஏறவில்லை. பெண்பிள்ளை தொடக்கூடாது என்பதால் நான் அதன் பக்கம்கூடப் போனதில்லை.

ஜூலையில் விழா நாளன்று இளையது லாரியில் ஏற மாட்டேன் என்று நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. துணைக்கு மூத்ததையும் ஏற்றலாம் என்று உங்கள் அண்ணன் சொய்ஜில் சொன்னார். மூத்தது ஏறியதும் இதுவும் பின்னாலேயே ஏறியது. நல்ல யோசனைதான் என்று நானும் பேசாமல் இருந்தேன். நான் செய்த தப்பு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

விழாத் திடலில் அரசாங்க ஆட்கள் இரண்டையும் குளிப்பாட்டிச் சீவினார்கள். சொய்ஜில் அண்ணன் புளித்த குதிரைப்பால் குடிக்கப் போயிருந்தார். ஒரு கிண்ணம்தான் குடித்தேன் என்கிறார், நான் நம்பவில்லை. அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான், "என்னப்பா இந்தக் கந்தல்?" என்று பிடரித் துணியை வெட்டிப் போட்டுவிட்டான். பிறகு எது சாதுவாக நிற்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். யாரும் தொந்தரவு செய்யாமல் இத்தனை நாள் வாழ்ந்த குதிரை சாதுவாக நிற்காமல் என்ன செய்யும்? அதன் கழுத்திலேயே பரிசுக்கான நீலப் பட்டுத் துணியைக் கட்டிவிட்டார்கள்.

நான் கல்யாணத்து அங்கியைப் போட்டுக்கொண்டு, வெள்ளிக் கிண்ணத்தில் பால் ஏந்தி வரிசையில் நிற்கிறேன். கொண்டுவந்து நிறுத்துகிறார்கள், பார்த்தால் மூத்தது. அதன் இடது காது நுனி கொஞ்சம் மடங்கியிருக்குமே. கிண்ணத்துப் பால் தளும்பிவிட்டது. பக்கத்தில் நின்ற உங்கள் அண்ணனிடம் முணுமுணுத்தேன். அவரும் பார்த்துவிட்டார், முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் "சிரி நோர்ஜ்மா, சிரி. ரெண்டு நாடு பாத்துக்கிட்டிருக்கு" என்றார்.

வந்த அதிபர் ஒரு பெண். வயதானவர், நல்ல முகம். நான் மூன்று வருடமாகத் தொடாத குதிரையின் நெற்றியில் அந்த அம்மாள் முத்தம் கொடுத்தார்! பெயர் வைக்க வேண்டும் என்றார்கள். நாம் குதிரையை நிறம் சொல்லித்தானே கூப்பிடுவோம்? அவர் ஏதோ ஒரு பெயர் சொன்னார். அவர்கள் ஊர் மொழியில் அதற்கு அலை என்று அர்த்தம் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே தட்டினேன்.

மறுநாளே பட்சூரியைப் பிடித்துக் குதிரையை மாற்றித் தரச் சொன்னேன். "ஒப்பந்தத்துல கையெழுத்தாயிடுச்சு, குதிரை காதுல நம்பர் போட்டாச்சு, இப்பப் போய் உங்க குதிரை இது இல்லம்மான்னு யார் சொல்றது? நீ சொல்றியா?" என்று கத்தினார். லாமாவிடம் போனேன். அவரோ, "வானத்துக்குக் கொடுத்தத இன்னொருத்தருக்குக் கொடுக்க நமக்கு உரிமை கிடையாது. அதனால நீ கொடுக்கவே இல்லன்னு வச்சுக்கோ" என்றார். கொடுத்ததைத்தான் டி.வி.யில் காட்டினார்களே என்றேன். "ஆமா, நானும் பாத்தேன். உன் அங்கி அழகா இருந்துச்சு" என்றார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அரசாங்கம் கொடுத்த தாளைப் படித்துப் பார்த்தேன். இந்தக் குதிரைமேல் யாரும் ஏறக்கூடாது, விற்கக்கூடாது, வெட்டக்கூடாது என்று முத்திரை போட்டு எழுதியிருக்கிறது. நாம் துணி கட்டியபோது லாமா சொன்னதும் இதேதான். குதிரை பழையபடி ஆற்றங்கரையில்தான் மேய்கிறது. அப்படியென்றால் எதுவும் மாறவில்லையா? ஆனால் அது யார் பெயரில் நிற்கிறது? உங்களைக் காக்கிறதா, அந்த அம்மாளைக் காக்கிறதா? அல்லது இரண்டு பேரையும் சேர்த்துச் சுமக்கிறதா? தினமும் காலையில் நீங்கள் நலமாக இருக்க வேண்டி, நீங்கள் போன திசையில் பால் தெளிக்கும்போது இதே யோசனைதான். நீங்கள் பேசாமல் இருப்பது அதனால்தானோ என்று ஒரு பயம். ஏப்ரலில் பேச்சு நின்றது, குதிரையைக் கொடுத்தது ஜூலையில், இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஓயூன் விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். புத்திக்குப் புரிகிறது, நெஞ்சு கேட்கவில்லை.

போன வாரம் அவர்கள் தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி குதிரையைப் படம் எடுக்க வந்தார். நம் மொழியைக் கொஞ்சம் கற்றிருக்கிறார். உப்புத் தேநீரும் காய்ந்து இறுகிய தயிர்க்கட்டியும் கொடுத்தேன். தயிர்க்கட்டியைக் கடிக்க முடியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே பேசினார். ஊர் எங்கே என்று கேட்டதும் போனில் வரைபடம் காட்டினார். சுற்றிலும் நீலம், நடுவில் புள்ளிபுள்ளியாக நிலம். தூரத்துக் கப்பல்களெல்லாம் பிடித்த மீனை இறக்க அவர்கள் துறைமுகத்துக்குத்தான் வருமாம்.

அதைக் கேட்டதும் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். துணி, லாமா, மடங்கிய காது, எல்லாம். பட்சூரிக்குத் தெரிந்தால் என்னைச் சும்மா விடமாட்டார். அதிகாரி குழம்பிப்போய், "அப்ப எங்க அதிபருக்குக் குதிரை இல்லையா?" என்றார். "இருக்கு தம்பி. எங்க மந்தையில பத்திரமா இருக்கு. குளிர்ல உள்ள கட்டுவேன், ஓநாய் வந்தா நானே துப்பாக்கிய எடுப்பேன். உங்க குதிரைய நான் பாத்துக்கறேன். எங்க வீட்டு ஆள் உங்க கடல்ல இருக்காரு. அவர நீங்க பாருங்க" என்றேன். அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு, நோட்டை எடுத்து உங்கள் கப்பலின் பெயரையும் உங்கள் பெயரையும் எழுதிக்கொண்டார். துறைமுகத்தில் விசாரிக்கச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு நாடுகளும் ஐந்து கையெழுத்துப் போட்டன. நாங்கள் இருவரும் ஆறாவதாக ஒன்று போட்டுக்கொண்டோம்.

அதனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் பாஸ்போர்ட், வேலைத் தாள்களில் ஏதாவது கோளாறு இருக்கலாம், நீங்கள் என்னிடம் சொல்லாமல் இருக்கலாம். நான் கேட்க மாட்டேன். யாராவது துறைமுகத்து ஆள் கப்பலில் ஏறி, மங்கோலியன் தம்தின் யார் என்று கேட்டால் பயந்து கீழே ஒளிந்துகொள்ளாதீர்கள். உங்களைப் பிடிக்க வரவில்லை, நான் அனுப்பிய ஆள். முன்னால் வந்து, நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதை அவர்கள் அதிபர் வழியாக அனுப்புவார்களோ, தூதர் வழியாக அனுப்புவார்களோ, எனக்கு வந்து சேர்ந்தால் போதும்.

வானம் உங்களைக் காக்கட்டும். அதற்கு நேரமில்லையென்றால் அந்த அம்மாளாவது காக்கட்டும்.

உங்கள் வார்த்தைக்காகக் காத்திருக்கும்,
நோர்ஜ்மா