நிறுத்து முதலில், மிச்சம் பிறகு

ஏலே,

இன்று காலை மழையில் நனைந்த தடிமரங்களின் வாசனை கிரேன் கூண்டுவரை ஏறி வந்தது. ஆகாயத்தையே கயிறு போட்டுத் தூக்கியதுபோல ஒரு தடிக்கட்டு என் கிரேனில் தொங்கியது. கப்பலின் சரக்குக் கிடங்கில் நின்று வாக்கி டாக்கியில் வழி சொல்லும் உன் வேலைக்கு வந்திருப்பவர் ஆரம்பித்தார்: "அண்ணாச்சி, அந்தக் கட்ட இடதுபக்கமா கொஞ்சம்..."

இறக்கவா, தூக்கவா, நிறுத்தவா? வினைச்சொல் வந்து சேர்வதற்குள் எனக்கு ஏழு ஜென்மத்து நரையும் வந்துவிட்டது.

உனக்கு ஒரு கிறுக்கு உண்டு. தூத்துக்குடிக்கு எந்த நாட்டுக் கப்பல் வந்தாலும் மாலுமியைப் பிடித்து, 'நான் சோறு தின்றேன்' என்பதை அவன் பாஷையில் சொல்ல வைப்பாய். ஜப்பான்காரர் நம்மைப் போலக் கடைசியில் தின்றார். சீனாக்காரர் 'நான் தின்றேன் சோறு' என்று நடுவில் தின்றார். பிலிப்பைன்ஸ்காரரோ 'தின்றேன் நான் சோறு' என்று எடுத்த எடுப்பிலேயே தின்று முடித்துவிட்டார்.

"அவனுக்கு அம்புட்டுப் பசியாலே?" என்றேன்.

"வேலைய முதல்ல சொல்லுதாம்லா. இனிமே நானும் அப்படித்தான். கடைசி வார்த்த வரைக்கும் ஒன் கிரேனு காத்துக் கெடக்குமா?"

தமிழை நீ தலைகீழாகக் கட்டித் தூக்குவதாகச் சொல்லி, இலங்கை வரைக்கும் கேட்கும்படி சிரித்தேன்.

பிறகு அந்த மழைப்பகல். கட்டு பாதி இறங்கியிருந்தது. கூண்டிலிருந்து பார்த்தால் கிடங்கின் அடி எனக்குத் தெரியாது. நீதான் என் கண்.

"நிறுத்துலே."

கை நிறுத்திய பிறகுதான் காதுக்கே விளங்கியது. அதன்பின் மெதுவாக, "கட்டுக்குக் கீழ ஆள் நிக்கான்."

விழுந்த தொப்பியை எடுக்கக் குனிந்த ஒரு மாலுமி. அவர் தலைக்கும் தடிக்கும் நடுவே ஒரு சாண் என்றாய். எதையும் பத்து மடங்காக்கும் எனக்கு அந்த ஒரு சாணைப் பெருக்க வாய் வரவில்லை. அன்று நீ பழையபடி ஆளையும் இடத்தையும் சொல்லிவிட்டு வினைக்கு வந்திருந்தால்?

இன்று லிவரை விடாமல் புது ஆளிடம் சொன்னேன்: "முதல்ல வேலையச் சொல்லும்வே. மிச்சத்த நிதானமாச் சொல்லும்."

"எறக்குங்க அண்ணாச்சி. இடதுபக்கமா."

இறக்கினேன்.

இந்தப் பழக்கம் என்னை வீட்டிலும் விடுவதில்லை. உன் சவப்பெட்டியை மூடப் போகையில்கூட, சுற்றி எல்லாரும் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்க, குனிந்து "எந்திரிலே" என்றேன். அதற்கடுத்துச் சொல்ல வேண்டிய மிச்சம் இன்னும் என் வாய்க்குள்ளேயே கிடக்கிறது.