பூஜை அலமாரியில் ஒன்பது ஆதார் அட்டைகள்

புரட்டாசி 24, வெள்ளி இரவு

நடவுக்கு வந்திருக்கும் பீகார் ஆட்கள் ஒன்பது பேரின் ஆதார் அட்டைகளும் என் பூஜை அலமாரியில் இருந்தன. நடவு முடியும்வரை நிலத்துக்காரர் வீட்டில் இருக்கட்டும் என்று ஆட்களைக் கூட்டிவரும் ஏஜெண்ட் கொடுத்துவைப்பது இங்கே வழக்கம். மூன்று வருடமாக ஒவ்வொரு நடவுக்கும் நானும் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்.

இன்று மதியம் அவர்களில் மூத்தவரான ராகேஷ் வாசலில் வந்து நின்றார். "அக்கா, அம்மா செத்துட்டாங்க. ஊருக்குப் போகணும். கார்டு வேணும்."

ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். "குடுத்துடாதீங்கக்கா. ஒருத்தன் போனா எல்லாரும் கிளம்பிடுவானுங்க. பாதி வயல் நடாம கெடக்கும்."

எனக்கு மஸ்கட்டில் இருக்கும் என் கணவர் ஞாபகம் வந்தது. மாமனார் இறந்தபோது அங்கே முதலாளி பாஸ்போர்ட்டைத் தரவில்லை. அந்த ஆளை எத்தனை நாள் வாய் ஓயாமல் சபித்தேன்!

ஒன்பதையும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். வரப்பில் நின்று ஒவ்வொரு பெயராக வாசித்துக் கொடுத்தேன். ராகேஷைத் தவிர யார் பெயரும் அதுவரை எனக்குத் தெரியாது.

நாளை யாரும் வராவிட்டால் நானே சேற்றில் இறங்கி நடுவேன். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எங்கள் தெருவில் இன்னும் ஏழு வீட்டு அலமாரிகளில் அட்டைகள் இருக்கின்றன. விடிந்ததும் முதல் வீட்டுக் கதவைத் தட்டுவேன்.