சொந்த உபயோகக் கார்

பொன்னாத்தாளுக்கு,

சாந்தன்பாறையிலிருந்து உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் சுகம். குழந்தைக்கு இருமல் நின்றதா?

போன வாரம் மழையில், நான் ஓட்டும் உன் அண்ணன் கார் ஓடையில் சரிந்துவிட்டது. பயப்படாதே, முழங்கையில் சிராய்ப்புதான். வாடகைக் காருக்கு இன்சூரன்ஸ் அதிகம் என்று உன் அண்ணன் அதைச் சொந்த உபயோகம் என எழுதிக் கொடுத்திருந்தார். யார் கேட்டாலும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் என்றே சொல்லும்படி, ஏறிய ஏலக்காய் வியாபாரிகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவரும் அவரே.

இன்சூரன்ஸ்காரர் விசாரித்தபோது, உன் அண்ணன் என் முன்னாலேயே, "வாடகைக்கு ஓட்டுனது எனக்குத் தெரியாதுங்க. இவன் வெறும் டிரைவருங்க" என்றார்.

லைசென்ஸ் போலீசிடம் இருக்கிறது. இப்போது ஏலத்தோட்டத்தில் கூலி வேலை. குளிர் தாங்கவில்லை, கம்பளியை அனுப்பு. அண்ணன் கையில் கொடுக்காதே.

தபால்காரர் நிற்கிறார். அண்ணன் வந்தால் வழக்கம்போல் சோறு போடு. என்னைப் பற்றி மட்டும் கேட்காதே, தெரியாது என்பார்.

ஈஸ்வரமூர்த்தி