அண்ணன் பெயரில் ஊதிய மூச்சு

மேல்பிரிவு லயம்,
லுணுகலை.
12.03.1999

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி ஜெயரூபன் எழுதுவது.

மதினியும் பிள்ளை கேசினியும் நலம். நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய். இதை நின்றபடி படிக்காதீர்கள், ஓரிடத்தில் உட்கார்ந்து கடைசி வரி வரை படியுங்கள்.

உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. பயிற்சி முடிகிறது, ஏப்ரல் முதலாம் தேதியிலிருந்து முகமூடி மாட்டிக்கொண்டு எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஏணியில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, அந்த நாட்டு வெயில்தான் காரணம் என்றும் எழுதியிருந்தீர்கள். மதினி அதைப் படித்துவிட்டு, "வெயிலு பழகிட்டா சரியாப் போயிரும்" என்று சொல்லி, கோயிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை வரை நானும் அதைத்தான் நம்பினேன்.

இரண்டு மாதமாக உர மூட்டையோடு ஏழாம் நம்பர் மலை ஏறினால் பாதியில் நிற்க வேண்டியிருக்கிறது. வாலிபாலில் லுணுகலையையே கலக்கிய ஆள் நான்! கருப்பம்மா அக்கா கொழுந்துக் கூடையோடு என்னைத் தாண்டிப் போனார். போகிற போக்கில், "என்னா தம்பி, கல்யாணம் கட்ட முந்தியே கெழவனாயிட்டீங்களா?" என்று சிரித்தார். அந்த வெட்கத்தில்தான் செவ்வாய்க்கிழமை பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நெஞ்சு டாக்டர் இரகுநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் கம்பனிச் சோதனையில் ஊதியது போன்ற குழாயைத்தான் அவரும் தந்து ஊதச் சொன்னார். ரெங்கசாமி என்று உங்கள் பெயர் போட்ட அந்தச் சோதனைத் தாளின் பிரதியையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். எங்கள் வீட்டு நெஞ்சு பலமானது என்று காட்டத்தான். அண்ணனுடையது, வெளிநாட்டில் எண்ணெய்த் தொட்டி வேலைக்காக எடுத்தது என்று பெருமையாக நீட்டினேன்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மொத்தக் காற்றைக் காட்டும் மேல் எண் நன்றாக இருக்கிறது, கம்பனிக்காரன் அதை மட்டும்தான் பார்த்திருப்பான் என்றார். கீழே உள்ள எண்தான் இரண்டிலும் குறைவாம். ஊதி முடிகிற நேரத்தில் காற்று வெளியே வரத் திணறுகிறதாம். பீடிப் புகை நுரையீரலின் கடைசியில் உள்ள மெல்லிய குழாய்களை வீங்கவைத்துச் சுருக்கிவிட்டது என்றார். மலை டாங்கியிலிருந்து வரும் பெரிய குழாயில் தண்ணீர் நிறைய வந்தும், நம் லயத்துப் பீலியில் குடம் வைத்தால் சொட்டுச் சொட்டாக விழுமே, அந்த மாதிரி என்று விளங்கிக்கொண்டேன். வலி தெரியாதாம். நிறையக் கெட்ட பிறகுதான் ஆளுக்கே தெரியவருமாம். கெட்டது முழுதாகத் திரும்பாது, பீடியை விட்டால் மேலும் கெடுவதைத் தடுக்கலாம் என்றார். "உம்மட அண்ணனும் இந்த நெஞ்சோட தொட்டிக்குள்ள இறங்கக் கூடாது" என்றும் சொன்னார்.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. கொழும்பிலும் ஊதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்குக் காய்ச்சல் என்றால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி உங்கள் பெயரைக் கூப்பிடும்போது நான் "இருக்கேங்க" என்று குரல் கொடுப்பேன். எனக்கு முடியாத நாளில் நீங்கள் கொடுப்பீர்கள். அந்தப் பழக்கத்தில்தான் அங்கேயும் செய்தோம். உங்களுக்குக் காலை இருமல், எனக்கு இல்லை. முகமும் ஒரே சாடை. யாருக்குத் தெரியப்போகிறது என்று பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தோம்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அப்ப உம்மட அண்ணன்ர நெஞ்சை ஆர் பாத்தது?" என்று கேட்டார்.

அண்ணே, பன்னிரண்டு வருஷம் பீடி குடித்த என் நெஞ்சே இப்படி. நீங்கள் எனக்கும் பத்து வருஷம் முன்னால் தொடங்கியவர். உங்கள் நெஞ்சு மோசம் என்று பயந்துதானே என்னை ஊத வைத்தோம்.

ஹுமைத் நானாவின் கடையிலிருந்து உங்கள் கம்பனி முகாமுக்கு மூன்று தரம் டெலிபோன் எடுத்தேன். யாரோ இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டான். கடிதம் போய்ச் சேரப் பன்னிரண்டு நாளாவது ஆகும் என்கிறார் தபால்காரர். பதினைந்து நாளானாலும் நேரம் இருக்கிறது. அதற்கு மேல் ஆனால் என்னவென்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மதினியிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு முகமில்லை. பீடியை விட்டு மூன்று நாளாகிறது. தேயிலைக் காம்பை மென்றுகொண்டுதான் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே பெரியவர் யாரிடமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள். பழியை என் மேல் போடுங்கள். வேலை போனால் போகட்டும், ஊருக்கு வந்துவிடுங்கள். இரண்டு பேரும் மெதுவாகவே மலை ஏறுவோம், கருப்பம்மா அக்கா சிரித்துவிட்டுப் போகட்டும்.

கதிர்காமத்து முருகன் உங்கள் மூச்சைக் காக்கட்டும். முதலாம் தேதி காலையில் உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். உங்களுக்காகக் குரல் கொடுக்க நான் அங்கே இல்லை. நீங்களும் கொடுக்காதீர்கள், அண்ணே. பெயரைக் கூப்பிட்டால் பேசாமல் நில்லுங்கள்.

உங்கள் தம்பி,
ஜெயரூபன்