சண்டை வராமல் பார்க்க ஓர் இலாகா

டில்லி, 4-8-1983

அன்புள்ள நைனாவுக்கு, தானியேல் எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? தங்கச்சி அம்முலு இதை நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டட்டும்.

ஊரும் காலனியும் ஏரித் தண்ணீருக்கு அடித்துக்கொண்டதில் கை ஒடிந்த பெருமாள் மாமா கேட்டாரே, "ஏரிக்கு இலாகா கீது, சாராயத்துக்கு இலாகா கீது. சண்ட வராம பாத்துக்க ஒண்ணு வாணாவா?" என்று. அதையேதான் மனுவாக எழுதினோம். இரண்டு தெருவும் முதல் தடவையாக ஒரே தாளில் கைநாட்டு வைத்தீர்கள். நானே கொண்டுபோய் இங்கே மந்திரி ஆபீசில் கொடுத்தேன்.

இன்று போய்க் கேட்டால் குமாஸ்தா சிரிக்கிறான். அமைதி என்று எழுதியிருந்ததால் நம்மூர் போலீசுக்கு அனுப்பிவிட்டார்களாம்! கைநாட்டு வைத்தவர்களை விசாரிக்கவும் சொல்லியாயிற்றாம். அடி விழுந்த அன்று வராத ஜீப், அடி வேண்டாம் என்று எழுதினால் வருகிறது.

பயப்பட ஒன்றுமில்லை. கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்புங்கள், இங்கே சோறு இறங்கவில்லை. அம்முலுவை வாரம் ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்கள்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான். ஜீப் வந்தால் வீட்டுக்குள் போகாதீர்கள். ஊர்த் தெரு ஆட்களையும் கூப்பிடுங்கள். அந்தத் தாளில் கைநாட்டுகள் நிற்கிற மாதிரியே எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் நில்லுங்கள்.

மகன்
தானியேல்